டூகல் பர்டியின் எட்டுக் கெஜம்

ஒருவன் யாரைச் சேர்ந்தவன் என்பதை அவனே தீர்மானித்துக்கொண்டால் போதுமா, ஊரும் ஒப்புக்கொள்ள வேண்டுமா? டூகல் பர்டியின் வாழ்க்கையில் இந்தக் கேள்வி ஐம்பத்தொன்பது வருடம் யாராலும் கேட்கப்படாமலேயே கிடந்தது. பிறகு ஒரு ஜூன் மாதத்தில், கறிக்கடைக்கு மேலே இருக்கும் தையல் அறையில், கழுத்தில் இஞ்ச் டேப்பைத் தொங்கவிட்டிருந்த ஒரு பெண் அதை மிகச் சாதாரணமாகக் கேட்டாள்.

"எந்தக் குடும்பத்துத் துணி?"

டூகல் போன பிப்ரவரியில் இறந்துபோனார். எங்கள் மலைநாட்டுப் பழைய மொழியில் பாடும் இன்வர்லேரன் கேலிக் பாடற்குழுவில் நான் அவர் பக்கத்தில் நின்று பதினோரு வருடம் பாடியிருக்கிறேன். கீழ்ஸ்தாயி பாடுகிறவர்கள் நாங்கள் நான்கு பேர். கடைசி வரிசையின் இடது ஓரம் அவருடையது, அடுத்தது என் இடம். எந்த வரியில் அவர் மூச்சு வாங்குவார் என்பது எனக்கு மனப்பாடம். அதற்கு மேல் அவரைத் தெரியும் என்று நான் சொன்னால் அது பொய்.

ஊருக்கு மேலே, ஏரித் தண்ணீரை மணலில் வடிகட்டி அனுப்பும் நிலையத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தார். தனியாகத்தான். காலையில் ஏரியின் அளவைக் குறிப்பார், மணல் படுகையைக் கழுவுவார், மருந்து கலப்பார். ஊரில் யார் தேநீர் போட்டாலும் அது அவர் கையைக் கடந்து வந்த தண்ணீர்தான். அதற்காக யாரும் அவரை நினைத்ததில்லை. மழைக்காலத்தில் குழாயில் பழுப்பாக வந்தால் மட்டும் நினைத்தார்கள். அவரை நல்லவர் என்று எழுதுவதற்கு எனக்குத் தயக்கமாகவே இருக்கிறது. நல்லவராக இருப்பதற்கு மனிதர்களோடு கொஞ்சமாவது புழங்க வேண்டும். அவர் விருந்துகளுக்கு வரமாட்டார். வந்தாலும் கோட்டைக் கழற்ற மாட்டார், கதவுக்குப் பக்கத்திலேயே நின்று ஒரு கோப்பை குடித்துவிட்டுப் போய்விடுவார்.

அவருடைய அம்மா நெட்டா பர்டி, தெற்கே லானார்க் பக்கத்துக்காரி. இருபத்தொரு வயதில் இங்கே ஓட்டலில் துணி வெளுக்கும் வேலைக்கு வந்தாள். இரண்டு வருடத்தில் பிள்ளை பிறந்தது. கல்யாணம் ஆகவில்லை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்கள் ரயில் ஏறிப் போய்விடுவார்கள். நெட்டா போகவில்லை. அதே ஓட்டலில், அதே கொதிநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று மகனை வளர்த்தாள். அவள் பிறந்த பக்கத்தில் யாரும் வைக்காத, எங்கள் மலைநாட்டுப் பெயர் ஒன்றை அவனுக்கு வைத்தாள். தகப்பன் யார் என்று அவள் சொல்லவில்லை. ஊருக்கு அது தெரிந்திருந்ததால் யாரும் கேட்கவும் இல்லை.

கென்னத் மென்ஸீஸ் மாட்டுச்சந்தைக்கு முதலாளி. கால்நடைக் கண்காட்சி நாளிலும் கல்யாண நாளிலும், முழங்கால்வரை மடிப்பு வைத்துச் சுற்றும் கம்பளி உடுப்பான கில்ட் கட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். அதற்கான கட்டம் போட்ட துணி, டார்ட்டன், குடும்பத்துக்கு ஒன்று உண்டு. எங்கள் பக்கத்து டார்ட்டன்கள் பெரும்பாலும் பச்சையும் நீலமும் கறுப்பும் ஒன்றில் ஒன்று கரைந்தவை. கிட்டே வந்தால்தான் யார் வீட்டு ஆள் என்று பிடிபடும். மென்ஸீஸ் துணியில் இரண்டே நிறம், சிவப்பும் வெள்ளையும், பெரிய பெரிய கட்டங்கள். ஏரியின் எதிர்க்கரையில் நடந்தாலும் தெரியும்.

டூகலுக்குப் பதினொரு வயதிருக்கும்போது கண்காட்சித் திடலில் அந்தச் சிவப்பு வெள்ளை எதிரே வந்தது. நெட்டா மகனின் தோளைப் பிடித்து மாடுகள் கட்டியிருந்த பக்கம் திருப்பிவிட்டாள். என் அம்மா அதைப் பார்த்திருக்கிறாள். பையன் மாடுகளைப் பார்த்தபடி நின்றானாம். கென்னத் கடந்துபோன பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, அவர் முதுகுப் பக்கத்தைக் கூட்டத்தில் மறையும்வரை பார்த்தானாம்.

கென்னத்துக்கு முறைப்படி பிறந்த ஒரே மகன் யூவன். டூகலைவிட நான்கு வயது இளையவன். அப்பாவுக்குப் பிறகு சந்தையை நடத்துகிறான், எங்கள் குழுவில் மேல்ஸ்தாயி பாடுகிறான், சத்தமாகச் சிரிப்பான். ஒத்திகையில் மேல்ஸ்தாயிக்காரர்கள் எங்களுக்கு முன்வரிசை. யூவனின் பின்னந்தலையில் முடி இடப்பக்கமாகச் சுழித்திருக்கும். என் பக்கத்தில் நிற்பவரின் தலையிலும் அதே சுழி. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் பாடினேன். குழுவில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். நாங்கள் சுரத்தாளைப் பார்க்கப் பழகியவர்கள்.

டூகல் குழுவில் சேர்ந்தது அம்மா இறந்த பிறகு. முதியோர் இல்லத்தில் அவளோடு உட்கார்ந்திருந்த மாலை செவ்வாய். அந்த மாலை காலியானதும் இங்கே வந்தார் என்று நினைக்கிறேன். அவரிடம் கில்ட் கிடையாது. எங்கள் ஊரில் அது விசித்திரம்தான். ஆனால் முதல் கில்ட் தைக்க ஒரு சந்தர்ப்பம் வேண்டும். சொந்தக் கல்யாணம், அண்ணன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன், மகளைக் கைபிடித்துக் கொடுக்கும் நாள், இப்படி ஏதாவது ஒன்று. அவருக்கு ஒன்றும் வாய்க்கவில்லை. அக்டோபரில் நடக்கும் பெரிய போட்டிக்கு ஆண்கள் கில்ட் இல்லாமல் மேடை ஏற முடியாது. அதனால் ஐந்து வருடமாக, மறைந்த ஆர்ச்சி மர்ரேயின் கில்ட்டைக் குழுவின் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டார். ஆர்ச்சியின் இடுப்பு அவருடையதைவிட இரண்டு சுற்று பெரிது.

அந்த வசந்தத்தில் பெட்டியைத் திறந்தபோது அந்துப்பூச்சி அதை ஒரு வழி பண்ணியிருந்தது. எங்கள் செயலாளர் ஊனா அதை விரித்துப் பிடித்தாள். துளை வழியாக அவள் முகம் தெரிந்தது.

"டூகல், இதைக் கட்டிட்டு நீ மேடை ஏறினா நடுவருங்க பாட்டைக் கேக்க மாட்டாங்க. வேற எதையாவது பாத்துட்டு இருப்பாங்க."

"தச்சுப் போட்டுக்கலாம்."

"எதை? ஓட்டையைத் தைக்கறதுக்குச் சுத்தித் துணி இருக்கணும்ப்பா. அம்பத்தொன்பது வயசாச்சு. ஒண்ணு வாங்கு. செத்தா யாருக்குச் சேத்து வைக்கப் போற?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், சற்றுத் தாமதமாக.

ஷோனா ராட்ரேயின் தையல் அறைக்கு அவர் போன அன்று நானும் இருந்தேன். என் கில்ட்டின் வாரை இரண்டு விரல் தள்ளித் தைக்க வேண்டியிருந்தது. ஷோனாவுக்கு நாற்பத்தைந்து வயது. கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம்.

"வாங்க டூகல். இத்தனை வருஷமா உங்க முழங்காலை ஒருத்தரும் சரியாப் பாத்ததில்லை. ஆர்ச்சியோட துணி அதை மூடியே வெச்சிருந்துது. பேண்டை மடிச்சுவிட்டு முட்டி போடுங்க."

"முட்டியா?"

"ஆமா. ஓரம் தரையைத் தொடாம, தொட்டும் தொடாம இருக்கணும். அப்பத்தான் நிக்கும்போது முழங்கால் நடுவுல வரும். கவலைப்படாதீங்க, நான் பாதிரியார் இல்ல, பாவமெல்லாம் கேக்க மாட்டேன்."

அவர் முட்டி போட்டார். அவள் அளந்து எழுதிக்கொண்டாள். பிறகு மூன்று துணிகளை மேசையில் போட்டாள்.

"இது கெஜத்துக்குப் பத்து அவுன்ஸ் எடை. சுற்றுலா வர்றவங்களுக்கு. காத்தடிச்சா அவங்க ரகசியமெல்லாம் ஊருக்குத் தெரியும். இது பதிமூணு, ராத்திரி பூரா ஆடறவங்களுக்கு. நீங்க ஆடுவீங்களா?"

"இல்ல."

"தெரியும், சும்மா கேட்டேன். இது பதினாறு. எட்டுக் கெஜம் சுத்தினா ஆட்டுக்குட்டியை இடுப்புல கட்டின மாதிரி கனக்கும். ஆனா மடிப்பு நிக்கும். ஈரத்துல நிக்கும், உக்காந்து எழுந்தாலும் நிக்கும்."

டூகல் பதினாறு அவுன்ஸ் துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டினார். வடிகட்டும் மணலை அப்படித்தான் சோதிப்பார் என்று பிறகு எனக்குத் தோன்றியது.

"இது" என்றார்.

"நல்லது. மடிப்பை எப்படிப் போடட்டும்? பின்னாலயும் கட்டம் முழுசாத் தெரியற மாதிரியா, ஒவ்வொரு மடிப்புலயும் ஒரே கோடு வர்ற மாதிரியா?"

"கட்டம் தெரியணும்."

இவ்வளவு உறுதியாக அவர் பேசி நான் கேட்டதில்லை. ஷோனா எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டாள். கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பென்சில் நின்றது. கீழே கறிக்கடையில் எலும்பு வெட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"அதாவது, பர்டிங்கற பேருக்குன்னு என்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றாள் அவசரமாக. "ஆனா பெர்த்ஷயர் மாவட்டத்துக்குன்னு ஒரு துணி இருக்கு. இங்க பொறந்தவங்க யார் வேணா போடலாம். பிளாக் வாட்ச் இருக்கு, கரும்பச்சையும் நீலமும். அதை யார் போட்டாலும் ஏன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"ஒருத்தரும் கேக்க மாட்டாங்களா?"

"அதுக்குத்தானே பாதிப் பேர் போடறாங்க."

டூகல் மாதிரித் துண்டுகள் கோத்த கட்டைப் பார்த்தார். பெயர் வரிசையில் அடுக்கி, தோல் பட்டையால் கட்டியது. "இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா?"

ஷோனா அதை யாருக்கும் கொடுப்பதில்லை. "வெள்ளிக்கிழமை வந்துடணும். ஒரு மாப்பிள்ளை வர்றான், அவங்கம்மாவோட" என்று சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை புதுப் பாட்டின் தாளைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் இரண்டு நாற்காலிகளின் முதுகில் மாதிரித் துண்டுகளைக் குத்தி வைத்திருந்தார். ஒன்று மாவட்டத்துத் துணி, மற்றது பிளாக் வாட்ச். மேசையில் கட்டு திறந்தே கிடந்தது. அது எந்த இடத்தில் திறந்திருக்கிறது என்று நான் பார்க்காமல் இருக்க முயன்றேன். ஓரத்தில் சிவப்பு தெரிந்தது.

அவர் கதவருகே போய் நின்றுகொண்டு கேட்டார். "இங்கேருந்து பாத்தா இது என்ன மாதிரி தெரியுது?"

நான் பிளாக் வாட்ச் துண்டைப் பார்த்தேன். "கறுப்பு மாதிரி."

"ம்."

"தூரத்துலேருந்து எல்லாம் கறுப்புதான் டூகல்."

"எல்லாம் இல்ல" என்றார். பிறகு கெண்டியை அடுப்பில் வைத்தார். வானிலை பற்றிப் பேசினோம்.

அவர் கையில் எவ்வளவு சிறிய செயல் இருந்தது, அது எவ்வளவு பெரியது என்று திரும்பி நடக்கும்போது யோசித்தேன். சிவப்பு வெள்ளையைக் கட்டிக்கொண்டு அவர் மேடை ஏறினால் யாரும் தடுக்க முடியாது. எந்தச் சட்டமும் கிடையாது. ஆனால் அரை நூற்றாண்டாக ஊர் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை அவர் இடுப்பில் கட்டிக்கொண்டு சொல்வதாக ஆகும். ஊர் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல் இருந்துவிட்டால்? மறுப்பைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அதை எப்படித் தாங்குவது?

அடுத்த செவ்வாய், ஒத்திகையின் இடைவேளையில், யூவன் தேநீர்க் கோப்பையோடு வந்தான்.

"என்னப்பா டூகல், ஷோனா உன் முட்டியை அளந்தாளாமே? ஊர் பூரா அதே பேச்சு. இவ்வளவு அழகான முட்டியை ஒளிச்சு வெச்சிருந்தியே, அநியாயம்னு சொல்றா."

"அவளுக்குக் கண்ணாடி மாத்தணும்" என்றார் டூகல்.

யூவன் வழக்கம்போல் பெரிதாகச் சிரித்தான். மற்றவர்கள் உள்ளே போனதும் அவன் போகவில்லை. நான் கழுவு தொட்டியில் கோப்பைகளை அலசிக்கொண்டிருந்தேன். போயிருக்க வேண்டும். போகவில்லை.

"டூகல், எங்கப்பாவோட கில்ட் அலமாரியில தொங்குது. எட்டுக் கெஜம். பழைய துணி, இப்ப அப்படி நெய்யறதே இல்ல. எனக்குச் சின்னது. என் பசங்க ரெண்டும் குதிரையாட்டம் வளந்துடுச்சுங்க. உனக்குச் சரியா இருக்கும்னு நினைக்கறேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தாலே தெரியுதே."

அதுவரை அந்த ஊரில் யாரும் அவ்வளவு தூரம் வந்ததில்லை. குழாயைத் திறந்துவிட்ட நான் அதை மூடவும் இல்லை. யூவனின் காது சிவந்திருந்தது. பிறகு அவன், அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் இருக்க வேண்டும், இன்னொரு வாக்கியம் சொன்னான்.

"சும்மா கிடந்தா பூச்சிதான் திங்கப் போகுது."

இந்த வாக்கியத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவன் நீட்டியது ஒன்று. சொன்ன பிறகு அது வேறொன்று. அவனைக் குறை சொல்லவும் என்னால் முடியவில்லை. நானாக இருந்தால் முதல் வாக்கியமே வந்திருக்காது.

"கொண்டு வா. பாக்கறேன்" என்றார் டூகல்.

அதற்குப் பிறகு நடந்ததை ஷோனா எனக்குச் சொன்னது இந்த வருடம்தான், டூகலைப் புதைத்துவிட்டு வந்து சூப்பு குடித்துக்கொண்டிருந்தபோது. அவர் கென்னத்தின் கில்ட்டைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தாராம். கட்டிப் பார்க்க வேண்டும் என்றாராம்.

"அளவு எடுத்துத் தச்ச மாதிரி இருந்துச்சு" என்றாள் ஷோனா. "வார்ல ஒரே ஒரு ஓட்டைதான் தேஞ்சிருக்கும் பாரு, கிழவர் எப்பவும் போடறது. அதே ஓட்டையில கொக்கி போய் உக்காந்துச்சு."

"அவர் என்ன பண்ணார்?"

"எல்லாரும் கண்ணாடி முன்னாடி நிப்பாங்க இல்லையா? இவர் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னார். தலையை மட்டும் திருப்பி, பின்பக்கத்தைப் பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார். எனக்கு ஏன்னு புரியல."

எனக்குப் புரிந்தது. கண்காட்சித் திடலில் என் அம்மா பார்த்த அந்தப் பையன் நினைவுக்கு வந்தான்.

ஷோனா அவளுக்குத் தெரிந்த வழியில் உதவப் பார்த்திருக்கிறாள். நல்ல கம்பளி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். பழைய கில்ட்டைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி மடித்துத் தைத்தால் புதிது போல ஆகிவிடும். எங்கள் ஊரில் அண்ணன் கில்ட் தம்பிக்கு வருவது அப்படித்தான். "பிரிச்சுத் திருப்பித் தரட்டுமா? யாரு கட்டினதுன்னே தெரியாது" என்று கேட்டாளாம்.

"துணிதான் திரும்பும்" என்றாராம் டூகல். அவிழ்த்தார். மடிப்பு கலையாமல் இருக்க நூலோட்டம் போட வெள்ளை நூல் வாங்கிக்கொண்டார். அங்கேயே உட்கார்ந்து தானே போட்டார். போகும் முன் தன்னுடைய கில்ட்டுக்கு ஆர்டர் கொடுத்தார். ஒரு நிபந்தனை வைத்தார்.

ஷோனா தைத்து முடித்த கில்ட்டை, நூலோட்டம் பிரிக்காமல், ஒரு வாரம் சன்னலில் தொங்கவிடுவாள். அவளுக்கு விளம்பரம், ஊருக்கு வேடிக்கை. யார் வீட்டில் கல்யாணம் என்று சன்னலைப் பார்த்தே தெரிந்துகொள்வோம். டூகலின் கில்ட் சன்னலுக்கு வரக்கூடாது என்பது நிபந்தனை. அதனால் ஜூலையிலிருந்து ஊர் அந்தக் காலிச் சன்னலையே பார்த்தது. ஊனா பிளாக் வாட்ச் என்றாள். கறிக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "சிவப்புதான், பாருங்க" என்றார்.

யூவன் காத்திருந்தான். ஆகஸ்டில் ஒரு காலை, சந்தை அலுவலகத்துக் கதவுக் கொக்கியில் அவன் அப்பாவின் கில்ட் புது உறையில் தொங்கியது.

"திரும்பி வந்துடுச்சு" என்று ஒத்திகையில் சொன்னான். "தூசு தட்டி, மடிப்புக்கெல்லாம் நூல் ஓட்டி, பாச்சை உருண்டை போட்டு. நான் குடுத்ததைவிட நல்லா இருக்கு." சிரிக்க முயன்றான். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. டூகல் அன்று தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஊர் விஷயத்தை முடித்துக்கொண்டது: அவர் அந்தத் துணி வேண்டாம் என்றுவிட்டார், பிளாக் வாட்ச்தான் கட்டுவார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வருடப் போட்டி டிங்வாலில். பேருந்தில் மூன்று மணி நேரம். ஆண்கள் உடை மாற்ற ஒரு பள்ளி வகுப்பறையைக் கொடுத்திருந்தார்கள். டூகல் வீட்டிலேயே உடுத்திக்கொண்டு, மேலே நீளமான மழைக்கோட்டைப் போட்டு வந்திருந்தார். எங்கள் முறை வரும்வரை அதைக் கழற்றவில்லை. எங்கள் பெயரைக் கூப்பிட்டதும் கழற்றி நாற்காலியில் போட்டார்.

பெரிய பெரிய கட்டங்கள். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த அதே கட்டங்கள், அதே அகலம், அதே இடைவெளி. சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கறுப்பு.

அப்படி ஒரு துணி உண்டு. மென்ஸீஸ் கட்டத்தையே கறுப்பிலும் வெள்ளையிலும் நெய்வார்கள். துக்கத்துக்கான துணி என்று சிலர் சொல்வார்கள். ஷோனா அதை நம்புவதில்லை. எங்கள் ஊரில் அதை யாரும் கட்டி நான் பார்த்ததில்லை.

எங்களுக்கு முன்னால் பாடிவிட்டு வந்த வேறு குழுவின் ஆள் ஒருவர், விஷயம் எதுவும் தெரியாதவர், காலுறையை உருட்டிக்கொண்டே கேட்டார். "என்னய்யா, வீட்டுல யாராவது தவறிட்டாங்களா?"

"ஆமா" என்றார் டூகல்.

"அடடா. எப்ப?"

"ரொம்ப நாளாச்சு."

யூவன் சிவப்பு வெள்ளையில் கதவருகே நின்றிருந்தான். அவன் முகத்தில் ஓடியதை எனக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. அவமானம் இல்லை, கோபமும் இல்லை. கிட்டே வந்து டூகலின் இடுப்பைச் சுற்றி ஒருமுறை பார்த்தான், சந்தையில் மாட்டைப் பார்ப்பது போல நிதானமாக.

"பதினாறு அவுன்ஸா?"

"பதினாறு."

"நல்லாத் தொங்குது."

அவ்வளவுதான் பேசினார்கள். மேடைக்குப் போனோம். டூகல் வழக்கமான வரியில் மூச்சு வாங்கவில்லை. அதற்கு அடுத்த வரியில் வாங்கினார். நான் தடுமாறினேன், அவர் தடுமாறவில்லை. நாங்கள் நான்காவதாக வந்தோம்.

முடிந்ததும் பள்ளிப் படிக்கட்டில் புகைப்படம். எடுக்க வந்தவர் இன்வெர்னெஸ் பத்திரிகைக்காரர், எங்கள் ஊரைப் பற்றி ஒன்றும் அறியாத மனிதர். எங்களை மேலும் கீழும் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"அட! நீங்க சிவப்பு வெள்ளை, அவர் கறுப்பு வெள்ளை, ரெண்டும் ஒரே கட்டம்! பேசி வெச்சுக்கிட்டு வந்தீங்களா? வாங்க, ரெண்டு பேரும் முன்வரிசை நடுவுல, பக்கத்துல பக்கத்துல நில்லுங்க. பிரமாதமா இருக்கும்."

இருபத்தெட்டுப் பேர் நின்றிருந்தோம். ஒருவரும் அசையவில்லை. ஊனா தன் காலணியைப் பார்த்தாள். யூவன் ஏற்கெனவே முன்வரிசையில் இருந்தான். அவன் மெதுவாக அரை அடி வலப்புறம் நகர்ந்தான். ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டான்.

"வா" என்றான். தாழ்ந்த குரலில்தான். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. இந்தமுறை அதற்குப் பின்னால் இன்னொரு வாக்கியத்தை அவன் சேர்க்கவில்லை.

டூகல் அந்த இடத்தைப் பார்த்தார். யூவனைப் பார்க்கவில்லை, அந்தக் காலி இடத்தைத்தான் பார்த்தார். முகத்தில் வெறுப்பு எதுவும் இல்லை. யாரோ சுத்தமாகப் பெருக்கி வைத்த ஓர் அறையைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு படியேறி, பெண்களுக்குப் பின்னால், கடைசி வரிசையின் இடது ஓரத்துக்கு வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். பத்திரிகைக்காரர் ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டு எடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஆறு வருடம், உடம்பு இடம் கொடுத்தவரை, ஒவ்வொரு போட்டிக்கும் அவர் அந்தக் கறுப்பு வெள்ளையைத்தான் கட்டினார். யாரும் அதைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை.

அந்தப் படம் ஒத்திகை மண்டபத்தில், கெண்டிக்கு மேலே, இன்னும் தொங்குகிறது. முன்வரிசை நெருக்கமாக நிற்கிறது. யூவனுக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் அகலத்துக்குப் படிக்கட்டின் கல் தெரிகிறது. டூகல் கடைசி வரிசையில், இரண்டு பெண்களின் தோளுக்கு நடுவே, கழுத்துப் பட்டை வரை தெரிகிறார். அவர் கட்டியிருந்த எட்டுக் கெஜத்தில் ஒரு நூல்கூடப் படத்தில் இல்லை.